அறுபதுக்கு மேல் தபசு இல்லையா?

விபூதிப் புதன் நெருங்கினால் போதும், எங்கள் வயதுக்காரர்களிடம் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "நமக்கென்ன, அறுபது தாண்டியாச்சு, கோயிலே விலக்குக் கொடுத்துட்டுது." பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு பேச்சு முழங்கால் வலிக்கும் பென்ஷனுக்கும் போய்விடும்.

இந்தப் பேச்சை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். அது சட்டப்படி பாதிதான் உண்மை. அதைவிடப் பெரிய கேடு, விசுவாசத்திலும் ஓய்வு பெற்றுவிடலாம் என்று நம்மை நினைக்க வைப்பது.

முதலில் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நான் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பிழைத்தவன். விதி என்றால் கடைசி வரி வரை படிக்க வேண்டும், நமக்குச் சாதகமான பாதியைப் படித்துவிட்டு மூடக் கூடாது என்பது அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1249 முதல் 1253 வரையுள்ள விதிகள் தவநாட்களைப் பற்றியவை. 1249-ஆம் விதி, விசுவாசிகள் எல்லோரும் அவரவர்க்கு இயன்ற முறையில் தவம் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அதில் வயது எதுவும் இல்லை. வயது வருவது 1252-இல். ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. இந்த இரண்டாவதற்கு மேல்வரம்பே எழுதப்படவில்லை. ஆக, அறுபதில் நமக்குக் கிடைத்த விலக்கு விபூதிப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் பிடிக்க வேண்டிய ஒருசந்திக்கு மட்டும்தான். கவிச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமைகள் நமக்கும் உண்டு. தவம் என்ற கடமையோ சாகும்வரை உண்டு.

உடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வீம்புக்கு ஒருசந்தி பிடித்து மயங்கி விழக் கூடாது. அது தவம் ஆகாது; வீட்டில் உள்ளவர்களுக்குத் தண்டனைதான் ஆகும். நோயாளியை எந்தச் சட்டமும் பட்டினி போடச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. சாப்பாட்டில் ஒரு விலக்குக் கிடைத்ததும் தபசு காலம் முழுவதையுமே தள்ளி வைத்துவிடுவது எந்த நியாயம்?

நம்மில் பலர் சுத்தபோசனத்தை எப்படி நடத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊர் கடலோர ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி கூடாது, மீன் கூடும். ஆகவே கறிக்கடைக்குப் போக வேண்டிய பணத்தை இரண்டு மடங்காக்கி வஞ்சிரம் வாங்கி, தடிமனாக வெட்டி வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, சிலுவைப்பாதைக்குப் போகிறோம். பிரெஞ்சுப் பள்ளியில் வெள்ளிக்கிழமையை 'மேக்ர்' நாள் என்பார்கள். மேக்ர் என்றால் மெலிந்தது, கொழுப்பில்லாதது. விபூதிப் புதனுக்கு முந்தைய நாள் 'மர்தி கிரா', கொழுத்த செவ்வாய். கொழுப்பும் முட்டையும் அன்றோடு தீர்ந்துவிட வேண்டும் என்று அன்று பலகாரம் செய்து முடித்துவிடுவார்கள். வஞ்சிர வறுவலுக்குப் பக்கத்தில் மெலிந்த நாள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டம் மீறப்படவில்லை, உண்மைதான். கணக்கு நேராகிவிட்டது, கஜானா காலி.

தபசு காலத்துக்குப் பிரெஞ்சில் 'கரேம்' என்று பெயர். நாற்பதாவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெறும் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால்தான் 40. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள் என்பதால் அது தவநாட்களில் சேராது. ஆங்கிலப் பெயரின் மூலம் வசந்த காலத்தைக் குறிப்பது. வெள்ளைக்காரர்கள் நாளையும் பருவத்தையும் பெயராக வைத்தார்கள். நம் முன்னோர்கள்தான் அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலையையே பெயராக வைத்தார்கள், தபசு காலம் என்று. தபசு என்ற சொல் தமிழனுக்குக் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே தெரியும். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து ஒன்றையே நோக்கியிருப்பது அது. உணவைக் குறைப்பது அதற்குத் துணை. உணவைக் குறைத்துவிட்டு நோக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் பத்தியம். பத்தியம் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், இனிப்பில்லாமல் நாம் வருஷம் 365 நாளும் இருக்கிறோம். அதனால் நம்மில் யாரும் முனிவராகிவிடவில்லை.

இனி இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். இதை யாரும் வாசலில் நின்று சத்தமாகச் சொல்வதில்லை. என்னைவிட மூன்று வயது மூத்த பழைய சகா ஒருவர். மனைவி போய்விட்டார். இரண்டு பிள்ளைகளும் பிரான்சில். பெரிய வீட்டில் ஒற்றை ஆள். போன தபசு காலத்தில் அவரைப் பார்க்கப் போனபோது சொன்னார்: "தம்பி, சின்ன வயசுலேருந்து தபசு பிடிச்சவன் நான். இப்ப கோயில்ல போய் உக்காந்தா ஒண்ணுமே தோணல. செபமாலை உருட்டுறேன், விரல் உருட்டுது, மனசு இல்ல. ஆண்டவர் என் கணக்கை முடிச்சிட்டாரு போலிருக்கு."

இந்த மனிதருக்கு நம் பங்குகளில் என்ன பதில் சொல்கிறோம்? பெரிய ஜெபக்கூட்டத்துக்கு வாருங்கள், அங்கே வந்தால் உணர்வீர்கள் என்கிறோம். தியானப் பிரசங்கியாரைக் கேளுங்கள், கண்ணீர் வரும் என்கிறோம். ஒரே நாளில் ஏழெட்டுக் கோயில் காட்டும் பஸ்ஸில் சீட் போடட்டுமா என்று கேட்கிறோம். கைபேசியில் சிலுவையும் பூவும் போட்ட காலை வணக்கம் அனுப்புகிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: உணர்ந்தால் ஆண்டவர் இருக்கிறார், உணராவிட்டால் இல்லை. இந்த எண்ணத்தைத்தான் நான் பொய் என்கிறேன். இது கிழவர்களைக் கொல்லும் பொய். ஏனென்றால் வயதானால் முதலில் குறைவது உணர்ச்சிதான். நாக்குக்குச் சுவை குறைகிறது, காது மந்தமாகிறது, அழுகையும்கூட முன்போல் வருவதில்லை. விசுவாசத்தை உணர்ச்சியில் கட்டியவன் எழுபத்தைந்தில் வெறுங்கையோடு நிற்பான்.

பஸ் பயணம் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வருஷம் முழுவதும் அடுப்படியை விட்டு வெளியே வராத பெண்களுக்கு அந்த ஒரு நாள் காற்று வாங்கும் நாள். வில்லியனூர் மாதாவிடம் போய் நின்றால் ஒரு நிம்மதி வருவதும் உண்மை. வரட்டும். வராத நாளில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் வழக்கு.

வேதத்தை எடுத்துப் பாருங்கள். சிலுவைப்பாதையில் ஐந்தாம் தலம் யாருடையது? சிரேன் ஊர் சீமோனுடையது. வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து, வலுக்கட்டாயமாகச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். பக்தி இருந்ததாக எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை. இந்தக் குற்றவாளிக்கு நான் ஏன் சுமக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் அவன் நடந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்தத் தெருவில் அவனுக்கு மேல் இயேசுவுக்கு அருகில் இருந்தவர் யார்? உணர்ந்தவர்கள் தூரத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். ஒன்றும் உணராதவனுடைய தோளில் சிலுவை இருந்தது.

எலியாவைப் பாருங்கள். உயிர் போதும் என்று சொல்லி ஒரு செடியடியில் படுத்துவிட்டவர் அவர். சம்மனசு வந்து கடிந்துகொள்ளவில்லை, உணர்ச்சியைத் தூண்டவும் இல்லை. சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்றது. அதைச் சாப்பிட்ட பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போனார். அங்கே பெருங்காற்றிலும் பூகம்பத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு மெல்லிய ஒலியாக வந்தார். எட்டுப் பெட்டி ஒலிபெருக்கி கட்டித் தியானம் நடத்துகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம்.

சிறுமலர் தெரேசம்மாளை நம் வீடுகளில் ரோஜாப் பூக்களோடுதான் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். 1896-ஆம் வருஷம் பெரிய வியாழன் இரவு அவருக்கு இரத்தம் வந்தது, காசநோய். அந்த உயிர்ப்புத் திருநாள் சமயத்தில்தான் உள்ளுக்குள் இருட்டும் வந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற அளவுக்கு இருட்டு. 1897 செப்டம்பர் 30-ஆம் தேதி, 24 வயதில் சாகும்வரை அது முழுதாக விலகவில்லை. கல்கத்தா தெரசா அம்மையாரின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது, அவரும் பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தார் என்று உலகம் தெரிந்துகொண்டது. இவர்கள் இருவரும் உணர்ந்ததனால் விசுவசித்தவர்கள் இல்லை. உணராதபோதும் வேலையை விடாதவர்கள். என் சகாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அவங்களுக்கே அப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, உணர்ச்சி வேண்டாம் என்றால் வேறென்ன? கவனிப்பு. இதுதான் நம் வயதுக்கு ஏற்ற தபசு என்று நான் வாதாடுவேன்.

எங்கள் சிறுவயதில் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஊரே நமக்காகச் செய்தது. குருத்து ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்பே கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். வழக்கமாகப் பார்க்கும் முகம் மறைந்ததும்தான் அங்கே ஒரு முகம் இருந்தது என்பது தெரியும். தபசு காலத்தில் கலியாணப் பேச்சு இல்லை, மேளம் இல்லை. பெரிய வியாழன் பூசையில் ஒருமுறை மணி அடித்து ஓய்ந்தால் பிறகு பாஸ்கு இரவுவரை மணி கிடையாது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். மணிகளெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்து போயிருக்கின்றன, உயிர்ப்பன்று திரும்பி வரும் என்று பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி சொல்வார். பிரான்சில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை அது. நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிவோம். சத்தம் நின்றதால்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தோம். இன்று எந்தத் துணியும் மூடாது, எந்த மணியும் ஓயாது. பெரிய வெள்ளியன்றும் தொலைக்காட்சியில் புதுப்படம் ஓடுகிறது. காலத்தைத் திட்டி என்ன பயன்? முன்பு ஊர் செய்த வேலையை இனி ஒவ்வொருவரும் தன் வீட்டில் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அது எப்படி என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சமையல்காரர் செய்து காட்டியிருக்கிறார். பாரீஸ் கார்மேல் மடத்துச் சகோதரர் லோரான். லொரேன் நாட்டு ஏழை வீட்டுப் பிள்ளை. சிப்பாயாக இருந்து காயம்பட்டுக் கால் ஊனமானவர். படிப்பில்லாததால் குருவாகவில்லை. மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல்கட்டு. சமையல் அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காத வேலை. அந்த வேலையில்தான் வருஷக்கணக்காக இருந்தார், பிறகு செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். முட்டையைத் திருப்பிப் போடும்போதும் ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைவோடு திருப்பிப் போடுவது, மறந்துவிட்டால் அலட்டிக்கொள்ளாமல் திரும்ப நினைத்துக்கொள்வது. அவருடைய முறை முழுதும் இவ்வளவுதான். முதல் சில வருஷங்கள் அவரும் இருட்டில்தான் தவித்தார். 1691-இல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களையும் பேச்சையும் ஒரு குரு தொகுத்து வெளியிட்டார். சின்னப் புத்தகம், சன்னிதானத்தில் வாழும் பயிற்சி என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பெரிய வேத சாஸ்திரிகள் எழுதியது எத்தனையோ அலமாரியில் தூங்குகிறது. இந்தச் சமையல்காரரை இன்றும் படிக்கிறார்கள்.

நமக்கு அவரைவிட வசதி அதிகம். மூன்று மணிக்கே நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. துறவிகள் அந்த நேரத்தில் எழுந்திருக்க அரும்பாடு படுகிறார்கள், நமக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதைத் தூக்க மாத்திரையாலும் கைபேசியாலும் நிரப்ப வேண்டியதில்லை. எழுந்து உட்கார்ந்து, இங்கே நான் மட்டும் இல்லை என்று ஒருமுறை சொல்லிக்கொண்டால் போதும். வார்த்தை வேண்டாம், கண்ணீர் வேண்டாம்.

இரவில் இன்னொரு வேலை. அலுவலகத்தில் தபால் பதிவேடு ஒன்று இருக்கும். இன்று எது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று தினமும் பதிய வேண்டும். பதியாத தபால் வராத தபாலுக்குச் சமம். படுக்கப் போகுமுன் ஒரு நோட்டில் அப்படி ஒரு வரி எழுதுங்கள். பூக்காரம்மா கேட்காமலே ஒரு முழம் தனியாக எடுத்து வைத்திருந்தது. எதிர்வீட்டுப் பையன் சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்தது. பாரீஸிலிருந்து பேத்தி பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாகப் பேசியது. பத்து நாளைக்கு ஒன்றுமே வரவில்லை என்று தோன்றும். நாற்பதாவது நாள் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அப்போது ஆண்டவர் வரவில்லை என்று சொல்ல முடியுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கவனிக்கப் பழகினவன் கண்ணில் அடுத்து படுவது பக்கத்து வீடு. இங்கேதான் பங்குகளிடம் என் கடைசி வழக்கு. ஒரு அன்பியத்தில் முப்பது குடும்பம் என்று வைத்துக்கொண்டால், படியிறங்க முடியாத முதியவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். தபசு காலத்துப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பஸ்ஸுக்கும் பட்டியல் போடுகிறோம். இந்த மூன்று பேருக்குப் பட்டியல் இருக்கிறதா? முதல் வெள்ளியன்று நன்மை கொண்டு போகிறவர் வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு ஓடாமல் கால் மணி நேரம் உட்காருகிறாரா? 1833-இல் பாரீஸில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய பிரெதெரிக் ஓசனாம் இருபது வயதுச் சட்ட மாணவன். உங்கள் விசுவாசம் இப்போது என்ன செய்கிறது என்று சிலர் குத்திக் கேட்டதற்கு அவர் மேடை போட்டுப் பதில் சொல்லவில்லை. தோழர்களோடு ஏழைகளின் வீட்டுப் படியேறினார்.

பெரிய வெள்ளியைத் தவிர்த்துத் தபசு காலத்தில் ஆறு வெள்ளிக்கிழமைகள் உண்டு. நடக்க முடிந்த நம் வயதுக்காரர் ஒவ்வொருவரும் ஆறு வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வீட்டுக்குப் போனால் போதும். ஆறு வீட்டுக்கு வேண்டாம். ஒரே வீடு, ஆறு முறை. பிரசங்கம் வேண்டாம். காப்பி கொடுத்தால் குடியுங்கள். ஒரு பத்து மணி செபமாலை சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய கதை பேசுங்கள். நீங்கள் போகும் வீட்டில் இருப்பவர் ஆண்டவர் தன் கணக்கை முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். வாசலில் உங்கள் குரலைக் கேட்டால் அவர் அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வார்.

ஒருசந்தி விலக்கு நமக்கு இருக்கட்டும். இந்த வேலைக்கு விலக்கு எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.